செவ்வாய்க்கிழமை பிரிண்ட் எடுக்காத கம்ப்யூட்டர்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, காக்களூர் தொழிற்பேட்டையிலோ டிரெயினிங் போய் வந்த சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். மெயின்டெனன்ஸ் செக்‌ஷன் மேசையில் ஒரு தடித்த நோட்டு கிடக்கும் என்பார்கள். பெயர் பிரேக்டவுன் ரிஜிஸ்டர். எந்த மெஷின், எத்தனை மணிக்கு நின்றது, நிற்கும்போது என்ன சத்தம் கேட்டது, யார் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், மறுபடி எப்போது ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவு ஷிஃப்டில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால் அனுபவமுள்ள ஃபிட்டர் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதலில் நோட்டைப் புரட்டுவார். "போன மாசமும் இதே மோட்டார் இதே மாதிரிதான் நின்னிருக்கு. பேரிங்கைப் பாருப்பா" என்பார். மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் சாஃப்ட்வேருக்கும் இப்படி ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அதிலும் ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லப்படும் திறந்த மூல மென்பொருள்களின் ரிஜிஸ்டரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். சோழவரத்தில் உட்கார்ந்திருக்கும் டிப்ளமோ மாணவரும் எழுதலாம். அதில் எப்படித் தேடுவது, எப்படி எழுதுவது, தமிழில் டைப் செய்கிற நாம் ஏன் எழுதியே ஆக வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

பூச்சி வந்த கதை

சாஃப்ட்வேரில் உள்ள பிழையை 'பக்' என்கிறோம். பக் என்றால் பூச்சி. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. மின் விளக்குப் புகழ் தாமஸ் ஆல்வா எடிசன் 1878-லேயே தன் கடிதம் ஒன்றில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்.

1947 செப்டம்பர் 9 அன்று நிஜப் பூச்சியே வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்ற ரிலே கம்ப்யூட்டர் கோளாறு செய்தது. திறந்து பார்த்தபோது ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்திலேயே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி இந்தக் கதை உலகப் பிரசித்தம் ஆயிற்று. அந்தப் புத்தகம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு இருக்கிறது.

அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்பதைக் கவனியுங்கள். நேரம்: பிற்பகல் 3.45. இடம்: பேனல் எஃப், ரிலே எண் 70. சாட்சி: பூச்சியே ஒட்டப்பட்டிருக்கிறது. எப்போது, எங்கே, என்ன ஆதாரம் என்ற மூன்றும் இரண்டே வரியில் வந்துவிட்டன. நல்ல பக் ரிப்போர்ட்டுக்கு இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

திறந்து கிடக்கும் ரிஜிஸ்டர்

திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவை நாம் அறிந்த உதாரணங்கள். நிரலை எழுதுபவர் ஜெர்மனியில் இருப்பார், சோதிப்பவர் பிரேசிலில் இருப்பார், பயன்படுத்துபவர் நம்ம செங்குன்றத்தில் இருப்பார். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததே இருக்காது. இவர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிப் போடுகிற கயிறு அந்தப் பிழைப் பதிவேடுதான்.

1993-ல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுக்கு 1994-ல் இயான் ஜாக்சன் ஒரு பிழைப் பதிவேட்டை உருவாக்கினார். இதில் ரிப்போர்ட் அனுப்புவது, பதில் எழுதுவது, மூடுவது எல்லாமே மின்னஞ்சல் வழியாகத்தான். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு வரிசை எண் விழும். 2021 நவம்பரில் அந்த எண் பத்து லட்சத்தைத் தொட்டது. அடுத்து 1998-ல் மொசில்லா திட்டத்துக்காக டெர்ரி வெய்ஸ்மன் எழுதியது பக்ஸில்லா. லிப்ரே ஆபீஸும் இன்று பக்ஸில்லாவைத்தான் பயன்படுத்துகிறது. 2008-ல் வந்த கிட்ஹப் தளத்தில் 'இஷ்யூஸ்' என்ற பெயரில் இதே வேலை நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி மென்பொருளுக்கு ஃபேப்ரிகேட்டர் என்ற பதிவேடு இருக்கிறது.

பெயர்கள் பலவானாலும் அடிப்படை ஒன்றே. ஒரு பிழைக்கு ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே அதைப் பற்றிய பேச்சு முழுவதும். வேலை முடிந்தாலும் பதிவு நிற்கும். பத்து வருஷம் கழித்து வருகிறவனும் படித்துப் பார்க்கலாம்.

ஒரு பக்கின் ஜாதகம்

பக்ஸில்லாவில் ஒரு ரிப்போர்ட் பிறந்ததிலிருந்து பல நிலைகளைக் கடக்கிறது. முதலில் 'அன்கன்ஃபர்ம்டு', அதாவது இன்னும் உறுதியாகவில்லை. வேறொருவர் தன் மெஷினிலும் அதே பிழையைப் பார்த்துவிட்டால் 'நியூ'. ஒருவர் பொறுப்பேற்றால் 'அசைன்டு'. முடிவு தெரிந்தால் 'ரிசால்வ்டு'. அந்த முடிவு சரிதான் என்று சோதித்துப் பார்த்தால் 'வெரிஃபைடு'.

முடிவு என்றால் எப்போதும் 'சரிசெய்தாயிற்று' என்று அர்த்தம் இல்லை. சரிசெய்தால் 'ஃபிக்ஸ்டு'. ஏற்கெனவே வேறு எண்ணில் இருந்தால் 'டூப்ளிகேட்'. அவர்கள் மெஷினில் பிழை வரவே இல்லை என்றால் 'வொர்க்ஸ் ஃபார் மீ'. பிழைதான், ஆனால் மாற்றப் போவதில்லை என்றால் 'வோன்ட் ஃபிக்ஸ்'. பிழையே இல்லை, நாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றால் 'இன்வேலிட்'.

டெபியனில் பிழையின் கடுமைக்கு ஏழு படிகள் உண்டு: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். முதல் மூன்றும் புது வெளியீட்டையே தடுத்து நிறுத்தக் கூடியவை. கடைசியானது ஆசைப் பட்டியல்: "இப்படி ஒரு வசதி இருந்தா நல்லாருக்குமே" என்பது. நமக்கு எரிச்சலாக இருக்கிறது என்பதற்காக ஒரு சின்னப் பிழையைக் கிரிட்டிக்கல் என்று போடக் கூடாது. தலைவலிக்கு ஐ.சி.யூ.வில் அட்மிஷன் கேட்பது போலாகிவிடும்!

செவ்வாய்க்கிழமைக் கோளாறு

இப்போது தலைப்புக்கு வருவோம். இது கட்டுக்கதை அல்ல. உபுண்டு லினக்ஸின் பதிவேட்டில் 2008, 2009-ம் ஆண்டுகளில் பதிவாகி, இன்றும் படிக்கக் கிடைக்கும் விவகாரம்.

ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிரிண்டர் டிரைவரா? ஓப்பன் ஆபீஸா? நடுவில் இருக்கும் அச்சு மேலாளர் நிரலா? அப்போது ஒருவர், தம் மனைவி சொன்னதாக ஒரு விஷயம் எழுதினார்: செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரிண்ட் வருவதே இல்லையாம்! செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம்ம ஊர்ப் பெரியவர்கள். கம்ப்யூட்டருக்குமா அந்த சாஸ்திரம் என்று யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவர் சிரித்துவிட்டு விடவில்லை, சோதித்துப் பார்த்தார். அந்த அம்மையார் சொன்னது உண்மை.

காரணம் இதுதான். ஓப்பன் ஆபீஸ் பிரிண்டருக்கு அனுப்பும் ஃபைலில் அது தயாரான தேதி எழுதப்படும். செவ்வாய்க்கிழமையானால் ஆங்கிலத்தில் 'டியூஸ்டே' என்பதன் முதல் மூன்று எழுத்துகள் அதில் வரும். லினக்ஸில் 'ஃபைல்' என்றே பெயர் கொண்ட ஒரு சின்ன நிரல் இருக்கிறது. வந்திருப்பது படமா, பாட்டா, கடிதமா என்று அடையாளம் சொல்வது அதன் வேலை. அடையாளங்களின் பட்டியல் ஒன்று அதன் கையில் உண்டு. அந்தப் பட்டியலில் எர்லாங் என்ற மொழியின் ஒருவகை ஃபைலுக்கு அடையாளமாக 1991 ஜனவரி 22 என்ற தேதி கிழமையோடு எழுதப்பட்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. முழுத் தேதியையும் ஒப்பிட வேண்டிய நிரல், நடுவில் உள்ள இடைவெளிகள் முறைப்படி குறிக்கப்படாததால் முதல் மூன்றெழுத்தோடு நின்றுவிட்டது. ஆகவே செவ்வாய்க்கிழமை தயாரான ஃபைலைப் பார்த்து, "இது அச்சுக்கு வந்தது இல்லை, எர்லாங் ஃபைல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரிண்டர் சும்மா இருந்துவிட்டது.

பிழை இருந்தது ஓர் இடம், தெரிந்தது இன்னோர் இடம். ஓப்பன் ஆபீஸ் மீதும் பிரிண்டர் மீதும் சந்தேகம் போய், கடைசியில் யாரும் நினைக்காத ஒரு நிரலில் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை கோபத்தில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர் புதன்கிழமை பிரிண்ட் வருவதைப் பார்த்து, "ரீ-இன்ஸ்டால் பண்ணேன், சரியாப் போச்சு" என்றுதானே நினைப்பார்? பலர் எழுதி வைத்த குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் இடம் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. பூட்டைத் திறந்த சாவியைக் கொடுத்தவர் நிரல் எழுதுகிறவர் அல்ல. வீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்த, எந்தக் கிழமையில் வரவில்லை என்று கவனித்த ஒருவர்.

முதலில் தேடு, பிறகு எழுது

நமக்கு ஒரு பிழை தென்பட்டால் அது முன்பே வேறொருவருக்கும் தென்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தேடாமல் எழுதினால் டூப்ளிகேட் ஆகும். ஒரே பிழைக்கு ஐம்பது ரிப்போர்ட் வந்தால் அவற்றைப் பிரித்து அடுக்குவதிலேயே அவர்கள் நேரம் போய்விடும், சரிசெய்வது எப்போது? தேடும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

1. திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே தேடுங்கள். நம் சொந்த வார்த்தையில் மாற்ற வேண்டாம். ஆனால் அதில் நம் யூசர் பெயர், ஃபைல் பெயர், தேதி இருந்தால் நீக்கிவிடுங்கள். அவை நம் மெஷினுக்கு மட்டுமே உரியவை.

2. மூடியவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். பக்ஸில்லாவின் விரைவுத் தேடல் பெட்டி, நாம் சொல்லாவிட்டால் திறந்திருக்கும் பிழைகளை மட்டுமே காட்டும். கிட்ஹப்பும் அப்படித்தான். டெபியனில் மூடிய ரிப்போர்ட் 28 நாள் அமைதியாகக் கிடந்தால் காப்பகத்துக்குப் போய்விடும். அதையும் சேர்க்கச் சொல்லித் தேட வேண்டும். பிழை புதுப் பதிப்பில் ஏற்கெனவே சரியாகியிருந்தால் விடை அந்த மூடிய பதிவில்தான் இருக்கும். நாம் செய்ய வேண்டியது அப்டேட் ஒன்றே.

3. ஒரே பொருளுக்குப் பல சொல் உண்டு. நாம் 'ஹேங் ஆகிறது' என்போம். வேறொருவர் 'ஃப்ரீஸ்' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'பதில் இல்லை' என்று எழுதியிருப்பார். மூன்று சொல்லாலும் தேடுங்கள்.

4. எந்தப் பகுதி என்று சுருக்குங்கள். லிப்ரே ஆபீஸ் முழுவதிலும் தேடுவதைவிட 'ரைட்டர்' பகுதியில் மட்டும் தேடினால் குப்பை குறையும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் மறுபடி விரித்துத் தேடுங்கள். செவ்வாய்க்கிழமைக் கதையை மறக்க வேண்டாம்.

5. கிடைத்த ரிப்போர்ட்டை முழுக்கப் படியுங்கள். தலைப்பு ஒன்றாக இருந்தும் காரணம் வேறாக இருக்கலாம். அதே பிழைதான் என்றால் புதிதாக எழுத வேண்டாம். அதன் கீழேயே நம் பதிப்பு எண்ணையும், புதிதாகத் தெரிந்த விவரத்தையும் சேர்த்தால் போதும். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற நிரல் இருக்கிறது. நாம் எழுதத் தொடங்கும் முன்பே, அந்தப் பேக்கேஜில் பதிவாகியுள்ள பழைய பிழைகளைப் பட்டியல் போட்டு, "உங்களுடையது இதில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக விடும். பக்ஸில்லாவிலும் தலைப்பை டைப் செய்யும்போதே அதுபோன்ற பழைய ரிப்போர்ட்டுகள் கீழே வந்து நிற்கும். வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும் வாட்ச்மேன் மாதிரி! கோபப்படாமல் பதில் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும்.

தமிழில் தேடினால் வரும் தனிச் சிக்கல்

தேடுதல் என்று வந்துவிட்டால் தமிழுக்கு என்றே சில சிக்கல்கள் உண்டு. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'க'வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்குள் வேறு வேறு. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் தேடும் நிரல் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடாவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையே 'இல்லை' என்று சாதித்துவிடும்.

'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கியும் இதை எழுதலாம்; 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. ஆனால் இவை இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்லவில்லை. ஆகவே ஸ்ரீதர் என்ற பெயர் பட்டியலில் இருந்தும் தேடலில் அகப்படாமல் போகலாம். வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு, மார்க் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் காலம் இது. "உங்க பேரு இல்லீங்களே" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லும்போது குற்றம் பட்டியலிலா, தேடும் நிரலிலா என்று யார் கேட்பது?

இந்த மாதிரிப் பிழையை அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருக்கும் நிரலாளர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு 'கொ' தெரியாது. கொம்பு இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் நின்றாலும், அது சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தமிழ் படிக்கத் தெரிந்தவன் சொன்னால்தான் உண்டு.

நம் கையில் வந்த லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி மாணவர்களோடு பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அது கிடைத்தது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போடப்பட்டிருந்தது. இந்த பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதன் அடித்தளம் மேலே சொன்ன அதே டெபியன்.

இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. பாஸில் ஒரு தமிழ் எழுத்துப் பிழை தெரிந்தால் அது எங்கே பிறந்தது? சி-டாக் சேர்த்த பகுதியிலா? டெபியனிலா? அல்லது அதற்கும் மேலே, மூல நிரலை எழுதியவர்களிடமா? ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று தண்ணீர் வருவதுபோல் மென்பொருளும் மேலிருந்து கீழே வருகிறது. வயலில் தண்ணீர் கலங்கலாக வந்தால் வாய்க்காலைத் தூர்வாரினால் போதுமா, ஏரிக்கே போக வேண்டுமா என்று பார்க்க வேண்டாமா? மேலே சரிசெய்தால் கீழே எல்லா வயலுக்கும் நல்ல தண்ணீர் போகும்.

உதாரணமாக ஹார்ஃப்பஸ் என்றொரு நிரல். எழுத்துகளை உரிய உருவத்தில், உரிய இடத்தில் அடுக்கித் தருவது அதன் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாமே அதைப் பயன்படுத்துகின்றன. ஒரே தமிழ்ப் பிழை இவை அனைத்திலும் தெரிந்தால் சந்தேகம் ஹார்ஃப்பஸ் மேலோ, எழுத்துரு மேலோ போக வேண்டும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பிழை போய்விட்டால் குற்றவாளி எழுத்துரு. போகாவிட்டால் ஹார்ஃப்பஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு நிமிஷச் சோதனை, அவர்களுக்கு இரண்டு நாள் மிச்சம்.

எழுதுவது எப்படி?

நம் சோழவரத்தில் ஒரு காலத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான் பந்தயத் தடமாயிற்று. பந்தய வண்டியை ஓட்டி வந்தவர் மெக்கானிக்கிடம், "வண்டி சரியில்லப்பா" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் என்ன செய்ய முடியும்? எந்த கியரில், எந்த வளைவில், எஞ்சின் சூடான பிறகா முன்பா, ஒவ்வொரு சுற்றிலுமா என்று சொன்னால்தானே கை வைக்க முடியும்? சாஃப்ட்வேருக்கும் அதே நியாயம்தான்.

"தமிழ் வரல, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்பது ரிப்போர்ட் அல்ல, புலம்பல். நல்ல ரிப்போர்ட்டில் இவை இருக்கும்:

தலைப்பு: ஒரே வரியில் எங்கே, என்ன என்று தெரிய வேண்டும். மாதிரிக்கு, "ரைட்டரில் பி.டி.எஃப். ஆக மாற்றும்போது 'கொ' எழுத்தின் கொம்பு தனியாகப் பிரிகிறது."

சூழல்: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு.

படிகள்: ஒன்று, புது ஃபைலைத் திற. இரண்டு, இந்தச் சொல்லை டைப் செய். மூன்று, இந்த மெனுவை அழுத்து. நம்மைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படித்து அதே பிழையைத் தன் மெஷினில் வரவழைக்க வேண்டும். அது முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

எதிர்பார்த்தது, நடந்தது: இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். தமிழ்ப் பிழை என்றால் சரியான உருவத்தின் படம் ஒன்று, தவறான உருவத்தின் படம் ஒன்று, காப்பி செய்து சோதிக்க அந்தச் சொல்லின் எழுத்து வடிவம் ஆகிய மூன்றும் அவசியம். படத்தை மட்டும் அனுப்பினால் அவரால் அந்தச் சொல்லை டைப் செய்து பார்க்க முடியாது. சொல்லை மட்டும் அனுப்பினால் எது தப்பு என்று அவருக்குத் தெரியாது.

எப்போதிலிருந்து: பழைய பதிப்பில் சரியாக இருந்ததா? இது மிகப் பெரிய தடயம். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் 1,024 மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வையுங்கள். நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்தால் 512 ஆகும். மறுபடி பாதியாக்கினால் 256. இப்படிப் பத்தே சோதனையில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். வகுப்பில் படித்த பைனரி சர்ச்தான்! இதைச் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஓடுகிறதா, ஓடவில்லையா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். லிப்ரே ஆபீஸ் குழுவினர் இதற்காகவே பழைய பதிப்புகளை ஓட்டிப் பார்க்கும் நிலையில் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு ரிப்போர்ட்டில் ஒரு பிழைதான். மூன்று பிழைகளை ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டு சரியாகி ஒன்று நிற்கும்போது அதை மூடுவதா, திறந்தே வைப்பதா என்று அவர்கள் திண்டாடுவார்கள். ஆங்கிலம் நமக்குத் தடையாகத் தோன்றலாம். சின்னச் சின்ன வாக்கியம் போதும். படிகள் தெளிவாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிழையைப் பயன்படுத்தி ஒருவன் பிறர் கடவுச்சொல்லைத் திருட முடியும் என்று தோன்றினால் அதைப் பொதுப் பதிவேட்டில் எழுதக் கூடாது. அது திருடனுக்கு வழி சொல்வதாகிவிடும். டெபியன், மொசில்லா போன்ற திட்டங்களில் பாதுகாப்புப் பிழைகளை ரகசியமாகச் சொல்லத் தனி வழி வைத்திருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் வெளியான 'ஹார்ட்பிளீட்' நினைவிருக்கலாம். ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை அது. வெளியே தெரிந்ததும் உலகம் முழுவதும் சர்வர்களை அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று.

பொறுமை வேண்டும்

எழுதிய மறுநாளே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவர்களில் பலர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சொந்த நேரத்தில் இதைச் செய்பவர்கள். கூடுதல் விவரம் கேட்டால் உடனே கொடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் மூடப்பட்ட ரிப்போர்ட்டுகள் ஏராளம்.

காத்திருப்பு சில சமயம் மிக நீளும். மவுஸை ஒரு பட்டன் மேல் வைத்தால் சின்னக் குறிப்புப் பெட்டி ஒன்று வருமே, அது வேறு விண்டோவுக்குப் போன பிறகும் மறையாமல் மேலேயே நிற்கிறது என்று மொசில்லாவில் 2002-ல் ஒருவர் பதிவு செய்தார். அது ஃபயர்ஃபாக்ஸில் 2023-ல்தான் சரிசெய்யப்பட்டது. 21 வருஷம்! அன்று பிறந்த குழந்தை டிப்ளமோ முடித்தே வெளியே வந்திருக்கும். ஆனாலும் அந்தப் பதிவு அழியவில்லை, எண் மாறவில்லை. யாரோ ஒருவர் ஒருநாள் தேடி எடுத்து முடித்து வைத்தார். எழுதி வைத்ததால்தான் அது நடந்தது.

நமக்கு என்ன லாபம்?

"இதெல்லாம் செஞ்சா நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது நியாயமே. சம்பளம் கிடைக்காது. ஆனால் இன்டர்வியூவில், "சாஃப்ட்வேர் டெஸ்டிங் தெரியும்" என்று வாயால் சொல்கிறவரும், "நான் எழுதிய ரிப்போர்ட்டுகள் இவை, இவற்றில் இத்தனை சரிசெய்யப்பட்டிருக்கின்றன" என்று எண்ணைக் காட்டுகிறவரும் ஒன்றா? அந்தப் பதிவேடு பொதுவில் இருக்கிறது, யாரும் சரிபார்க்கலாம். கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்களுக்கு மட்டும் உரிய வேலை என்றும் நினைக்க வேண்டாம். மெக்கானிக்கல் நண்பர்கள் கேட் வரைபடங்களுக்கு ஃப்ரீகேட் பயன்படுத்தலாம். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் போர்டு வரைய கைகேட் பயன்படுத்தலாம். இரண்டும் திறந்த மூலம். இரண்டுக்கும் பதிவேடு உண்டு. பிழையைப் பார்த்ததும் திட்டிவிட்டுப் போகாமல் கவனித்து, பிரித்து, எழுதி வைக்கும் பழக்கம் நாளைக்கு எந்த ஃபேக்டரியின் பிரேக்டவுன் ரிஜிஸ்டரிலும் கைகொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உலகில் கோடிக்கணக்கானோர் தமிழ் பேசுகிறோம். தமிழ்ப் பிழையைப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் வெகு சிலரே. ரிப்போர்ட் வராத பிழை, அந்தப் பக்கம் இருப்பவர்கள் கணக்கில் இல்லாத பிழை. "தமிழ் நல்லாத்தான் ஓடுது போல" என்று நினைத்துவிடுவார்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் 'ஸ்ரீதர்' பட்டியலில் இல்லாமலே இருப்பார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை லேபில் ஒரு கட்டம், ஒரு புள்ளி வட்டம், இடம் மாறிய ஒரு கொம்பு கண்ணில் பட்டால் ரீஸ்டார்ட் பட்டனைத் தேட வேண்டாம். முதலில் படம் எடுங்கள். பதிப்பு எண்ணைக் குறியுங்கள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பதிவேட்டில் மூடியதையும் சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். அன்று என்ன கிழமை என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்!